உஷார்! சிபாரிசு செய்பவருக்கே பாக்கி இருக்கலாம்

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கும்போது, திருப்பூரில் ஒரு சின்ன லெக்கிங்ஸ் யூனிட்டிலிருந்து 11 லட்சம் ரூபாய் சரக்கு லாரி ஏறியது. யூனிட் என் பெரியம்மா மகனுடையது. மொத்தமே பதினான்கு மெஷின்கள். சரக்கை எடுத்தவர் வடக்கே ஒரு பெரிய நகரத்தில் மொத்த வியாபாரி. 30 நாள் கடன். டிசம்பரில் அவருடைய இரண்டு போன்களும் ஒரே நாளில் அணைந்தன. ஜனவரியில் அண்ணன் ரயிலேறிப் போய்ப் பார்த்தார். கடை இருந்த இடத்தில் செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள்.

வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது புதுக்கதை அல்ல. ஏமாந்தவர்கள் தெருவுக்கு இருவர் கிடைப்பார்கள். நான் உங்களை எச்சரிக்க நினைப்பது இதற்கு அடுத்து நடந்ததைப் பற்றி.

அந்த வியாபாரியை அண்ணனுக்கு அறிமுகப்படுத்தியவர் ஊர் பேர் தெரியாத புரோக்கர் அல்ல. எங்களுக்கு மாமா முறை. முப்பது வருடமாக ஜவுளியில் இருப்பவர். "கண்ண மூடிட்டுக் குடு மாப்ள. நாலு வருசமா நம்மகிட்ட எடுத்துட்டிருக்கான்" என்றார். அவர் சொன்னது பொய்யே இல்லை. நான்கு வருடமாக அவரிடம் எடுத்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் கடைசி ஒரு வருடமாகக் காசு தரவில்லை. மாமாவுக்கு 9 லட்சம் பாக்கி. அண்ணனின் சரக்கு போய்ச் சேர்ந்த மாதத்தில் அதில் 6 லட்சம் அவர் கைக்கு வந்திருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் இது தற்செயலாக வெளிப்பட்டபோது மாமா பெரிதாகக் கூச்சப்படவும் இல்லை. "அவனுக்கு யாவாரம் ஓடுனாத்தான மாப்ள எங்காசு வரும்?" என்றார்.

அதாவது, அண்ணனின் லெக்கிங்ஸை விற்று மாமாவின் கடன் அடைந்தது. மாமாவைத் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூழ்குகிறவன் பக்கத்தில் இருப்பவன் தோளைப் பிடிப்பது போலப் பிடித்திருக்கிறார். ஆனால் அந்தத் தோள் தன் அக்கா மகனுடையது என்று அவருக்குத் தெரியும்.

உஷார் என்று நான் சொல்வது இதைத்தான். புது பார்ட்டி ஒன்றைப் பற்றி விசாரிக்கும்போது, "ஆள் எப்படி?" என்று கேட்கிறோம். சிபாரிசு செய்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இப்போது உங்களுக்கு அவர் எவ்வளவு தர வேண்டும்? கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது?" இதற்கு நேராகப் பதில் வராமல், "அதெல்லாம் பிரச்சினை இல்ல, நல்ல பார்ட்டி" என்று வந்தால் லாரியை நிறுத்துங்கள்.

நம் ஊரில் வியாபாரமே தெரிந்தவர் மூலம்தான் நடக்கிறது. வங்கிக்கும் கோர்ட்டுக்கும் முன்னால் நாம் நம்புவது மனிதர்களை. இதில் கேவலம் எதுவும் இல்லை. ஏழை நாடுகள் பலவற்றில் இதுதான் வழி. மடகாஸ்கரின் தானிய வியாபாரிகளை ஆராய்ந்த மார்செல் ஃபாஃப்சாம்ப்ஸ், பார்ட் மின்டன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், எந்த வியாபாரிக்கு மற்ற வியாபாரிகள் அதிகம் பேரைத் தெரியுமோ அவருக்கு விற்பனையும் அதிகம் என்று கண்டார்கள். வியட்நாமின் சிறு தொழிற்சாலைகளை ஆராய்ந்து ஜான் மெக்மிலன், கிறிஸ்டோஃபர் வுட்ரஃப் 1999-இல் எழுதிய கட்டுரையும் இதே திசையில்தான் போகிறது. நாளான பழக்கம், தொழில் வட்டம் மூலம் வந்த அறிமுகம் ஆகியவை இருந்தால் அங்கே கடன் தாராளமாகக் கிடைக்கிறது. அந்தக் கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. வாங்குபவருக்கு வேறு சப்ளையர் எளிதில் கிடைக்க மாட்டார் என்ற நிலையிலும் கடன் அதிகம் கொடுக்கிறார்கள். நம்மை விட்டால் ஆள் இல்லை என்பவன் காசைக் கொண்டுவந்து கொடுப்பான். அண்ணனின் லெக்கிங்ஸோ பக்கத்துத் தெருவிலும் கிடைக்கும், அதற்கடுத்த தெருவிலும் கிடைக்கும். அவரை ஏமாற்றியவனுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

நம்பிக்கை என்று நாம் சொல்வது முன்பெல்லாம் இவ்வளவு அப்பாவியாக இருந்ததில்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்ற காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரங்கூன் கடைக்கு மேலாளாகப் போகிறவர் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் போவார். பெட்டியடிப் பையனாக நுழைந்து, அடுத்தாளாகி, படிப்படியாக மேலே வந்தவராக இருப்பார். முதலாளி இருப்பது கடல் தாண்டி. பெட்டிச் சாவி மேலாள் கையில். மேலோட்டமாகப் பார்த்தால் குருட்டு நம்பிக்கை. ஆனால் மேலாளின் மனைவி, பிள்ளை, வீடு, கோயில் எல்லாம் செட்டிநாட்டில். ரங்கூனில் கை வைத்தால் காரைக்குடியில் தெரியும். தெரிந்தால் அடுத்த கடையிலும் வேலை கிடையாது, பெண் கொடுக்கவும் ஆள் வராது. நம்பிக்கைக்குப் பின்னால் நல்ல தடிமனான கயிறு ஒன்று இருந்தது.

பதினோராம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலில் வியாபாரம் செய்த மக்ரிபி யூத வணிகர்களும் அப்படியே. கெய்ரோவின் பழைய தொழுகைக் கூடத்தில் கிடைத்த அவர்களுடைய கடிதங்களைப் படித்து அவ்னர் க்ரைஃப் சொன்னது: ஓர் ஏஜென்ட் ஒரு வணிகரை ஏமாற்றினான் என்று தெரிந்தால், மற்ற வணிகர்களும் அவனுக்கு வேலை தருவதை நிறுத்திவிடுவார்கள். அடி ஒருவருக்கு, தண்டனை எல்லாரிடமிருந்தும். இது வேலை செய்ததற்குக் காரணம், அவர்கள் ஒருவருக்கொருவர் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டதுதான்.

இன்று நம்மிடம் கடிதத்தைவிட வேகமான கருவி கையில் இருக்கிறது. ஆனால் சேதி நகரவில்லை. ஏமாந்தவர் வெளியே சொல்ல மாட்டார். சொன்னால், "இவருக்கே பதினோரு லட்சம் மாட்டிக்கிச்சாம்" என்று நூல் கொடுப்பவரும் டையிங்காரரும் உடனே தங்கள் பாக்கியைக் கேட்டு வாசலில் நிற்பார்கள் என்ற பயம். பாதி ஏமாந்தவரும் சொல்ல மாட்டார். மிச்சம் வரும் என்ற ஆசை. மாமா மாதிரி சிலர் இன்னொரு படி மேலே போய்ச் சிபாரிசே செய்துவிடுகிறார்கள். வாட்ஸாப் குழுவில், "ஜென்யூன் பார்ட்டி, தாராளமாகக் கொடுக்கலாம்" என்று ஒருவர் போட்டால், அதற்குக் கீழே ஏழு பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். அண்ணனை ஏமாற்றியவனைப் பற்றியும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். அந்த ஏழு பேரில் அவனுக்குக் கடனில் சரக்கு கொடுத்தவர் எத்தனை பேர்? அண்ணன் பிறகு ஒவ்வொருவராகப் போன் போட்டு விசாரித்தார். ஒருவர்கூட இல்லை. மற்றவர் சொன்னதைக் கேட்டு இவர் சொன்னார், இவர் சொன்னதைக் கேட்டு அடுத்தவர். சங்கிலி நீளமாக இருந்தது. எந்தக் கண்ணியிலும் காசு இல்லை.

இப்படிச் சரக்கோடு மறைகிற ஏமாற்றுக்காரர்களின் நடைமுறை ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான். அண்ணனிடம் முதல் ஆர்டர் 42,000 ரூபாய். சரக்கு ஏறுவதற்கு முன்பே பணம் வந்தது. இரண்டாவது 85,000, மூன்று நாளில் வந்தது. மூன்றாவது 1,60,000, பத்து நாள் கேட்டு, எட்டாம் நாளே போட்டுவிட்டான். "இப்படி ஒரு பார்ட்டி கெடச்சதே இல்லீங்" என்று அண்ணி ஊரெல்லாம் சொன்னார். நான்காவது, 11 லட்சம். சீசன் நேரம். யூனிட்டில் எல்லாரும் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த சமயம். விசாரிக்க யாருக்கும் பொழுதில்லாத வாரமாகப் பார்த்துத்தான் பெரிய ஆர்டர் வரும்.

திரும்பிப் பார்க்கும்போது அடையாளங்கள் பளிச்சென்று தெரிகின்றன. அவன் பேரமே பேசவில்லை. ஜவுளி மொத்த வியாபாரி ஒருவர் பீஸுக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருப்பார். அதுதான் அந்தத் தொழிலின் லட்சணம். காசு கொடுக்கப் போகாதவனுக்கு விலை எதுவானால் என்ன? கலர், சைஸ் எதிலும் பிடிவாதம் இல்லை; "இருக்கறதப் போட்டு அனுப்புங்க" என்றான். தன் கடையில் விற்கப் போகிறவன் கறுப்பு எத்தனை, மெரூன் எத்தனை என்று கேட்பான். பாதி விலைக்கு ரொக்கத்தில் தள்ளப் போகிறவனுக்கு எல்லாக் கலரும் ஒன்று. கடைசி லோடுக்கு இறக்கும் இடத்தையும் மாற்றினான். கடைக்கு வேண்டாம், குடோனுக்குப் போகட்டும் என்று. லாரி கிளம்பிய பிறகுதான் அந்தப் போன் வந்தது.

ஜிஎஸ்டி தளத்தில் அவனுடைய எண்ணை அண்ணன் போட்டுப் பார்த்தது எல்லாம் முடிந்த பிறகு. அதற்கு லாகின் எதுவும் வேண்டாம். எண்ணைப் போட்டுத் தேடினால் பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தா, எந்தெந்த மாதத்துக்கு ரிட்டர்ன் தாக்கல் செய்திருக்கிறார் என்பதெல்லாம் வந்துவிடும். ஜிஎஸ்டிக்கு முன்பே வரிப் பதிவு வைத்திருந்து மாறி வந்தவர்களுக்குப் பதிவுத் தேதி பெரும்பாலும் 01-07-2017 என்று இருக்கும். இவன் "அப்பா காலத்துக் கடை" என்று சொன்னவன். நான்கு வருடமாக மாமாவிடம் எடுத்தவன்தான், ஆனாலும் இந்த எண்ணின் பதிவுத் தேதி அண்ணனின் முதல் பில்லுக்கு ஏழு மாதம்தான் முந்தையது. ரிட்டர்ன் கடைசி மூன்று மாதமாக இல்லை. இரண்டு நிமிட வேலை. பார்க்காமல் விட்டதற்கு அண்ணன் சொன்ன காரணம்: "மாமாவே சொன்னப்பறம் அதப் பாத்தா அவர நம்பாத மாதிரி ஆயிருமில்ல?"

இந்த ஒரு வரியில்தான் நாம் எல்லாரும் மாட்டிக்கொள்கிறோம். சரிபார்ப்பதை அவமரியாதை என்று நினைக்கிறோம். ஏமாற்றுபவன் உண்மையில் களவாடுவது சரக்கை அல்ல, நமக்குப் பெரியவர் மீதுள்ள மரியாதையை. அதை வைத்துச் சரக்கு தானாக வந்துவிடுகிறது.

சட்டம் கைகொடுக்காதா என்று கேட்பீர்கள். கொடுக்கும், விலாசம் உள்ளவனிடம். காணாமல் போனவனிடம் சட்டமும் செருப்புக் கடை வாசலில்தான் நிற்கும். ஆனாலும் தேதிகளைத் தவறவிட்டுக் கேஸைக் கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

செக் திரும்பினால், திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்த பின் அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். "அடுத்த வாரம் போட்டுடறேன், மறுபடி பேங்க்ல போடுங்க" என்று இனிமையாகப் பேசியே இந்த நாள்களைக் கரைப்பது ஒரு கலை. செக்கின் ஆயுளே மூன்று மாதம்தான். ஒரு நல்ல சேதியும் உண்டு: 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, நம் கணக்கில் போட்ட செக் திரும்பினால் நம் வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வடக்கே அலைய வேண்டியதில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது சிவில் மேட்டர்தானே?" என்பது. மோசடிக்கு முன்பு பிரிவு 420, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. எண் மாறினாலும் தத்துவம் மாறவில்லை: வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பின்னால் கொடுக்க முடியாமல் போனது மட்டும் மோசடி ஆகாது. அதனால்தான் அந்த முதல் நாள் பேச்சுகள், "அப்பா காலத்துக் கடை" என்று எழுதிய வாட்ஸாப் செய்தி, குடோனுக்கு மாற்றச் சொன்ன குரல் பதிவு எல்லாம் சாட்சி. போன் மாற்றும்போது அழித்துவிடாதீர்கள்.

சிறு உற்பத்தியாளர்களுக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென உள்ள அரசுத் தளத்தில் புகார் பதியலாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவைச் சரக்கு அனுப்பும் முன்பே வாங்கி வைத்திருப்பது புத்திசாலித்தனம். ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது: வாங்கி விற்கும் மொத்த, சில்லறை வியாபாரிகளும் 2021 முதல் உத்யம் எண் வாங்கலாம் என்றாலும், அது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. தாமதப் பாக்கிக்கான இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. கையில் உத்யம் சான்றிதழ் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும் மண்டிக்காரர்கள் இதை ஒருமுறை தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடட்டும்.

வரி விஷயத்தில் வயிறு எரியும். பில் போட்டுவிட்டால் காசு வந்தாலும் வராவிட்டாலும் ஜிஎஸ்டி நம் பொறுப்பு. 11 லட்சத்துக்கு 5 சதவீதம், 55,000 ரூபாய் அண்ணன் கணக்கில் போனது. வராக்கடன் என்று அதைத் திரும்பக் கேட்க வழியில்லை.

கொங்குப் பக்கம் இன்னொரு பயம், மஞ்சள் நோட்டீஸ். "ஐ.பி. குடுத்துட்டான்", அதாவது திவால் மனுப் போட்டுவிட்டான் என்றால் அத்தோடு தலைமுழுகிவிடுவதுதான் வழக்கம். கோர்ட்டிலிருந்து வரும் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். தவறு. 1920-ஆம் ஆண்டின் அந்தத் திவால் சட்டத்திலேயே கடன் கொடுத்தவருக்கும் இடம் இருக்கிறது. ஐ.பி. போடுவதற்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் உரிய விலை இல்லாமல் மனைவி, மச்சான் பெயருக்கு மாற்றிய சொத்தைக் கோர்ட் செல்லாது என்று அறிவிக்க முடியும். கடன் கொடுத்தவர்கள் ஒன்றுசேர்ந்து வக்கீல் வைத்துப் போனால்தான் அது நடக்கும். ஆளே போகாவிட்டால் கோர்ட்டுக்கு யார் சொல்வது? பார்ட்டி தமிழ்நாட்டுக்காரராக இருந்தால், பெரிய கடன் கொடுக்கும் முன்பே பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள். போன மாதம்தான் வீடு தான செட்டில்மென்டில் கை மாறியிருக்கிறது என்றால், அதற்கு மேல் விசாரணை தேவையில்லை.

ஏற்றுமதியாளர்களுக்கு இரண்டு வரி. வெளிநாட்டு பார்ட்டியிடமிருந்து வருவது போலவோ நம்மிடமிருந்து அவருக்குப் போவது போலவோ ஒரு மின்னஞ்சல், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று சொன்னால், பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். நாளைக்கு என்றால் நாளைக்குக் கணக்கு காலியாக இருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு இனி ரொக்கம்தான் என்று யாராவது கிளம்பினால் அவர் தொழிலை மூடிவிட வேண்டியதுதான். ஜவுளியில் கடன் இல்லாமல் வியாபாரம் இல்லை. அண்ணனும் மறுபடி கடனில்தான் கொடுக்கிறார். மாற்றியது சிலவற்றை மட்டும். புது பார்ட்டி என்றால் கடைக்கு நேரில் போகிறார். போய் முதலாளியிடம் பேசுவதைவிட, பக்கத்து டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருகிறார். முந்தைய பில்லைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அடுத்த பில் தாண்டாது, சீசனானாலும் சரி. சரக்கு ஏறிய பிறகு இறக்கும் இடம் மாறினால் லாரி திரும்பி வரும். புரோக்கருக்குக் கமிஷன், சரக்கு போனதும் அல்ல, பணம் வந்ததும். இதற்கு ஒப்புக்கொள்ளாத புரோக்கர்கள் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று.

மாமாவோடு பேச்சுவார்த்தை இருக்கிறது. விசேஷங்களுக்குப் போகிறார்கள், வருகிறார்கள். பார்ட்டி பேச்சு மட்டும் இல்லை.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே பாக்கி நோட்டைப் பிரியுங்கள். சரக்குக் கடனுக்கு வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம். அது முடியும் முன் பாக்கியை ஒப்புக்கொண்டு அவர் கையெழுத்திட்ட ஒரு தாளை வாங்கிவிட்டால் மறுபடி மூன்று வருடம் கிடைக்கும். இரண்டரை வருடத்தைத் தாண்டியவை எவை என்று பாருங்கள். அந்த நோட்டில் இருக்கும் பெயர்களில் ஒன்றைச் சொல்லி நாளைக்கு யாராவது உங்களுக்குப் போன் செய்து, "ஆள் எப்படிங்ணா?" என்று கேட்டால், ஆளைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். "எனக்கு இவ்வளவு பாக்கி, இத்தனை மாதமாக" என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.